மூழ்கிய ஊரின் பாட்டுக்கு ஐந்து நிமிடம்

அநியாயம் நடந்தது பியூலாவுக்கு, அக்கா. எனக்கில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சத்தமாகப் பேசுவதைப் பார்த்து எல்லோரும் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கொடுக்கும்போது அப்படித்தான் பார்த்தார். அதோ, டிரைவருக்குப் பின்சீட்டில், ஜன்னலோரமாக, நீலத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் பியூலா. இன்று மத்தியானம் பல்கலைக்கழக இளைஞர் விழா மேடையில் பாடிக்கொண்டிருந்தவளின் மைக்கைப் பாதிப் பாட்டில் அணைத்தார்கள். அணைத்ததோடு விட்டார்களா? ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். தொண்டை சரியில்லையாம். பாட வந்தவளுக்கு இதைவிட அவமானம் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

இருங்கள், நானே சொல்கிறேன். கிடையாது.

அவள் ஏன் அங்கே, நான் ஏன் இங்கே என்று கேட்க வருகிறீர்கள். அவளுக்குக் காற்று வேண்டுமாம். இந்த ஜன்னலிலும் காற்று வருகிறது, அது வேறு விஷயம். பக்கத்து சீட்டில் நான் உட்காரப் போனேன், அதற்குள் பையைத் தூக்கி வைத்துவிட்டாள். களைப்பு. நாள் முழுக்க நடந்ததற்கு யாருக்குத்தான் இருக்காது? அதனால்தான் உங்கள் பக்கத்தில் வந்தேன். நீங்கள் திருநெல்வேலிதானே? நல்லது. தாழையூத்து வருவதற்குள் முழுவதையும் சொல்லிவிடலாம்.

என் பேர் சங்கரகோமதி. எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. பியூலா எம்.எஸ்சி. வேதியியல். ஹாஸ்டலில் ஒரே அறை. நான் பேசுவேன், அவள் கேட்பாள். அப்படி ஒரு பொருத்தம் எங்களுக்கு.

சரி. டெத் மெட்டல் பாட்டு கேட்டிருக்கிறீர்களா? முகத்தைச் சுளிக்காதீர்கள். பேரில்தான் சாவு இருக்கிறது. கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்தி, சத்தத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். டிரம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. குரல் இருக்கிறதே, அது வயிற்றிலிருந்து வரும். உறுமல். கேட்காத ஆளுக்கு ஒரே இரைச்சலாகத் தெரியும், கேட்கப் பழகியவர்களுக்குத்தான் உள்ளே என்ன நடக்கிறதென்று புரியும். இங்கிலாந்தில் ‘ஹாலோ ஸ்லூஸ்’ என்று ஒரு குழு. உள்ளே ஒன்றுமில்லாத மதகு என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே, எப்போதும் மழை பெய்கிற ஒரு சின்ன ஊரில் நாலே நாலு பேர். கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது, டிவியில் வரமாட்டார்கள். கார் நிறுத்துகிற கொட்டகையில் அவர்களே பதிவு செய்து, கேசட் போட்டு, அவர்களே தபாலில் அனுப்புவார்கள். கேசட்டேதான், அக்கா. அங்கே இன்னும் வாங்குகிறார்கள். அண்டர்கிரவுண்ட் குழு என்றால் அப்படித்தான். பாடுகிறவள் ஒரு பெண். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள்.

போன மாதம் அவர்களுடைய புது ஆல்பம் வந்தது. ‘பாரிஷ் பிலோ’. கீழே ஒரு திருச்சபை என்று அர்த்தம். ஒரு பெரிய நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று ஒரு சின்ன ஊரை மூழ்கடித்து அணை கட்டுகிறார்கள். ஊர், தெரு, மாட்டுத்தொழுவம், கல்லறை, மணிக்கூண்டு எல்லாம் தண்ணீருக்கு அடியில். ஆல்பம் முழுக்க அந்த ஊர்தான் பாடுகிறது. மூன்றாவது பாட்டு ‘மணிக்கயிறு’. எல்லோரும் ஊரைக் காலி செய்து போனபிறகும், சர்ச்சில் மணி அடிக்கிற ஒருத்தி மட்டும் போகவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது, கயிற்றை விடவில்லை. இடுப்புக்கு வருகிறது, கயிற்றை விடவில்லை. வாய்க்கு வருகிறது, பாடிக்கொண்டே இழுக்கிறாள். இதைப் போய்த் தேன் குரலில் பாட முடியுமா? தண்ணீருக்கு அடியில் இருக்கிற வாய் எப்படிப் பாடும்? நான் மேடையில் இதே கேள்வியைத்தான் கேட்டேன்.

இந்த ஆல்பத்தைப் பியூலாவுக்கு அறிமுகப்படுத்தியது நான்தான். அவளுடைய போனில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நான் முதலில் கேட்டேன் என்பது வாஸ்தவம். ஆனால் அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள், அக்கா. அது எதைப் பற்றியது, ஏன் முக்கியமானது என்று எடுத்துச் சொன்னது நான். மூன்று நாள் சொன்னேன். அந்தப் பாடகியிடம் ஒரு பேட்டியில், ‘மணிக்கயிறு பாட்டுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டதற்கு, ‘பாட்டிலேயே இருக்கிறது’ என்று மட்டும் சொன்னாளாம். பியூலாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் இப்படி அடக்கமாக இருந்துவிடுவதால்தான், எடுத்துச் சொல்கிற வேலை நம்மைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது.

பியூலாவின் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டைக்குரல். போனில் பேசினால் ‘தம்பி, அக்கா இருக்காங்களா?’ என்று கேட்பார்கள். சாயர்புரம் பக்கம் அவள் ஊர். சின்ன வயதிலிருந்தே சர்ச் கொயரில் இருக்கிறாள். கொயர் என்றால் பாடகர் குழு, தெரியும்தானே? பன்னிரண்டு வயதுக்குமேல் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வரும்போதெல்லாம் கொயர் நடத்துகிறவர் அவளிடம் வந்து, ‘பியூலா, நீ வாய மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்’ என்று சொல்லுவாராம். அன்பாகத்தான் சொல்லுவாராம். அத்தனை வருஷமும் வெள்ளைச் சேலை கட்டி, கையில் பாட்டுப்புத்தகம் பிடித்து, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு இதைக் கேட்டபோது ரத்தம் கொதித்தது. பெண் குரல் என்றால் குயில், தேன், வெல்லம். இதில் எதுவும் இல்லாவிட்டால் வாயை மட்டும் அசை. எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் அன்றைக்கே அந்தக் கொயர்க்காரருக்குப் போன் போடுகிறேன் என்றேன். ‘வேண்டாம்ட்டி’ என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவள் இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு உறுமப் பழக ஆரம்பித்தாள். எங்கே தெரியுமா? ஹாஸ்டலில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ரூம் இருக்கிறது. மோட்டார் ஓடுகிற நேரத்தில் அதன் சுவரோரம் போய் நின்றுகொள்வாள். அந்தச் சத்தத்துக்குள் இவள் சத்தம் கேட்காது என்று நினைப்பு. ஆனால் குரல் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் வார்டன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், மோட்டாரில் பேரிங் போய்விட்டதாம், கரகரவென்று கேட்கிறதாம். மெக்கானிக்கும் கழற்றிப் பார்த்து, புதுசு மாற்றிவிட்டுப் போனார். மறுநாளும் கேட்டது. வார்டன், ‘மாத்தியும் உறுமுதே’ என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பியூலா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இளைஞர் விழாவில் மேற்கத்தியத் தனிப்பாடல் என்று ஒரு போட்டி உண்டு. வருஷாவருஷம் அதே கதை. கிட்டாரை மீட்டிக்கொண்டு கண்ணை மூடி உருகுவார்கள், பரிசு வாங்குவார்கள். இந்த வருஷம் பியூலா தானாகப் போய்ப் பேர் கொடுத்துவிட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. விழாவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற முத்துச்செல்வி மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘ஏட்டி, என்ட்ட ஏன் சொல்லல?’ என்று கேட்டேன். ‘சொன்னா நீ பேசுவ’ என்றாள். விளையாட்டுக்குச் சொல்வாள் அப்படி.

பக்கவாத்தியத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி. நான் வருகிறேன் என்றேன். அவள் யோசித்தாள். டிரம் வாசிக்க வேறு யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்தது ஒரே தாளம், ஆனால் உறுதியாக வாசிப்பேன். ஹாஸ்டல் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பழகினேன். கடைசியில் ‘சரி வா, ஆனா டிரம் மட்டும் அடி’ என்றாள். டிரம் மட்டும்தான் அடிப்பேன், வேறு என்ன செய்யப்போகிறேன்?

கடலைமிட்டாயா? வேண்டாம்க்கா. வாயில் போட்டால் பேச முடியாது. நீங்கள் சாப்பிடுங்கள்.

இந்த விதியைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் அவர்கள் சூழ்ச்சி இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம். மைக்கில் முதல் சத்தம் வந்த நொடியிலிருந்து கணக்கு. நாலாவது நிமிடத்தில் ஒரு மணி அடிப்பார்கள், அது எச்சரிக்கை. ஐந்தாவதில் இரண்டு மணி. இரண்டு மணி அடித்துவிட்டால் மைக் இருக்காது. மணியைப் பற்றிய பாட்டை மணி அடித்து நிறுத்துவார்கள் என்று யார் கண்டது?

நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் ஆசீர் சார். வயதானவர், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. எத்தனையோ வருஷமாகக் கொயர் நடத்துகிறவராம். கொயர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துபோயிற்று, இவர் எந்தக் கட்சி என்று. பக்கத்தில் மெல்லிசை சொல்லிக்கொடுக்கிற ஓர் அம்மா, இன்னொருவர் கீபோர்டு வாசிக்கிறவர். எங்களுக்கு முன்னால் ஏழு பேர் பாடினார்கள். ஏழு பேரும் உருகினார்கள்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். பியூலா கறுப்புச் சுடிதாரில் மைக் முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. இந்தச் சனங்களுக்கு ஒன்றுமே தெரியாது. முன்பின் சொல்லாமல் திடீரென்று இவள் உறுமினால் என்ன நினைப்பார்கள்? அவளை நினைத்துத்தான், அக்கா, நான் டிரம்மை விட்டு எழுந்துவந்து மைக்கைக் கையில் எடுத்தேன். ஒரு சின்ன முன்னுரை. சுருக்கமாக. அத்தியாவசியமானதை மட்டும். அந்தக் குழு யார், ஆல்பம் எதைப் பற்றியது, தொழிற்புரட்சிக்குப் பிறகு நகரங்கள் கிராமங்களின் தண்ணீரை எப்படி எடுத்துக்கொண்டன, அது நம்முடைய ஊருக்கும் எப்படிப் பொருந்தும், பாட்டு என்பதற்கு யார் இலக்கணம் வகுத்தது, பெண் குரலின் மேல் ஏற்றிவைத்த சுமை என்ன. இவ்வளவுதான். இதில் எதை விட முடியும்? முதல் மணி அடித்தபோது நான் தொழிற்புரட்சியைத்தான் முடித்திருந்தேன். மீதியை வேகமாகச் சொன்னேன். அரங்கத்தில் சில பையன்கள் கை தட்டினார்கள். ‘போதும், போதும்’ என்றும் சத்தம் வந்தது. நடுவர்களைப் பார்த்துச் சொன்னார்கள் போல.

திரும்பிப் பார்த்தால் பியூலா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் டிரம்மில் உட்கார்ந்தேன்.

அவள் ஆரம்பித்தாள்.

அக்கா, இதை எப்படிச் சொல்ல? முதல் சத்தம் வந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் ‘ஆத்தீ’ என்று பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிசை அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ ‘ஏ, பேயி!’ என்று கத்த, அரங்கமே சிரித்தது. பியூலா நிறுத்தவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வருகிற இடம் வரை பாடினாள். அதற்குள் டிங் டிங் என்று இரண்டு மணி. மைக் செத்துவிட்டது. அவள் மைக் இல்லாமல் இன்னும் ஒரு வரி பாடினாள், சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் அந்த மெல்லிசை அம்மா ஒரு பையனிடம் வெந்நீர் கொடுத்தனுப்பினார். ஆசீர் சார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, மேடையை அண்ணாந்து பார்த்து, எல்லோர் முன்னாலும் கேட்டார்: ‘இது பாட்டாம்மா? இல்ல, ஒனக்கு ஒடம்புக்கு முடியலையா?’

அவள் கையில் டம்ளரோடு நின்றாள். வாயைத் திறந்தாள். அவள் பதில் சொல்லுவதற்குள் அழுதுவிடுவாளோ என்று பயந்து நான் முந்திக்கொண்டேன். ‘சார், இது பாட்டா என்று கேட்க உங்களுக்கு என்ன தகுதி?’ என்றேன். முத்துச்செல்வி மேடம் மேடைக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

விடுவேனா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடுவர்கள் அறைக்கே போனேன். பியூலாவையும் இழுத்துக்கொண்டுதான். முத்துச்செல்வி மேடம் பின்னாலேயே வந்தார், ‘கோமதி, மெதுவா, கோமதி, மெதுவா’ என்று. ஆசீர் சார் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலிருந்தே ஆரம்பித்தேன். பாதிப் பாட்டில் மைக்கை அணைத்தது பாரபட்சம், மேற்கத்திய இசை என்று போட்டுவிட்டு மேற்கத்திய இசையைப் பாடினால் வெந்நீர் கொடுப்பது கேவலம், இது இன்று நேற்று நடக்கிற அநியாயம் இல்லை, சின்ன வயதிலிருந்து இவளை வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்களும் உங்களைப் போன்ற கொயர்க்காரர்கள்தான் என்று.

அதுவரை சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. ‘நீ கொயர்லயா பாடுதே? எந்த சர்ச்சு?’ என்று பியூலாவைக் கேட்டார்.

‘சாயர்புரம் பக்கம் சார்’ என்றேன் நான்.

‘நான் அந்தப் பிள்ளைட்ட கேக்கேன்.’

‘அவளுக்குப் பேச வராது சார். அவளுக்காகத்தான் நான் வந்திருக்கேன்.’

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். சொல்கிறார் பாருங்கள்: ‘பாரபட்சம்லாம் இல்லம்மா. அஞ்சு நிமிசத்துல நாலே கால் நிமிசம் நீ பேசிட்ட. அந்தப் பிள்ள பாட ஆரம்பிக்கவும் மணி அடிச்சிட்டு. நேரம் பாக்கது என் வேல இல்ல, அங்க ஒருத்தர் கடிகாரத்தோட உக்காந்திருக்காரு.’

எப்படித் திருப்புகிறார் பார்த்தீர்களா? இதுதான் அதிகாரத்தில் இருக்கிறவர்களின் வழக்கமான தந்திரம். நேரம், விதி, கடிகாரம். உள்ளே இருக்கிற வெறுப்பை வெளியே காட்டாமல் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. நான் அதையும் சொன்னேன். முத்துச்செல்வி மேடம், ‘சார், சின்னப் பிள்ளைங்க, மன்னிச்சிருங்க’ என்றார். யார் யாரை மன்னிப்பது? அந்த வார்த்தையைத் திரும்ப வாங்குங்கள் மேடம் என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

என் வாதத்துக்குமுன் ஆசீர் சாரால் நிற்க முடியவில்லை. பியூலாவைப் பார்த்து, ‘எல்லாரும் முடிச்ச பொறவு நீ ஒருக்க வந்து முழுசாப் பாடு. மார்க் போட முடியாது, விதி அப்படி. ஆனா நான் கேக்கணும். அரைகொறையாக் கேட்டுட்டு பாட்டா, பாட்டு இல்லியான்னு நான் எப்படிச் சொல்ல?’ என்றார். பணிந்துவிட்டார், அக்கா. நானாகப் பேசியிருக்காவிட்டால் இந்த வாய்ப்பு கிடைத்திருக்குமா? வெளியே வந்ததும் பியூலாவிடம் சொன்னேன், பார்த்தாயா என்று. அவள் வேகமாக முன்னால் நடந்து போய்விட்டாள். தொண்டையைக் காப்பாற்ற வேண்டுமல்லவா, பேசக்கூடாது.

இது கயத்தாறா? சரி, இருக்கிறது நேரம்.

சாயங்காலம். கடைசி ஆளும் பாடி முடித்தாயிற்று. சாதாரணமாக அந்த நேரத்துக்குக் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் ‘பேயி மறுபடி பாடுதாம்’ என்று செய்தி பரவி, நாடகப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். சிரிப்பதற்கு என்றே வந்த கூட்டம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். பியூலாவின் இடத்தில் நானாக இருந்தால்கூடப் பயந்திருப்பேன். அவளுக்கு இது கடைசி வருஷம். இனிமேல் இப்படி ஒரு மேடை அவளுக்கு வரப்போவதில்லை. ஊருக்குப் போனால் மறுபடி பின்வரிசை, வெள்ளைச் சேலை, அசைகிற வாய்.

மேடைக்குப் போனோம். அவள் மைக்குக்குப் பின்னால் நின்றாள். ஆசீர் சார் முன்வரிசையில் தன் மைக்கை எடுத்து, ‘மத்தியானம் நான் ஒரு கேள்வி கேட்டேன். இது பாட்டான்னு. அதுக்கு எனக்கு இன்னும் பதில் வரல. ஆரம்பிங்க’ என்றார்.

அக்கா, நீங்களே சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் ஒருவர் கேள்வி கேட்கிறார். பதில் வரவில்லை என்கிறார். அப்போது என்ன செய்யவேண்டும்? பதில் சொல்லவேண்டும். நான் டிரம்மிலிருந்து எழுந்தேன். இந்தத் தடவை மனதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மத்தியானம் விட்டுப்போன கருத்துகளையும் சேர்த்துக்கொண்டிருந்தேன். பியூலாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்று, மைக்கைக் கையில் எடுத்து, ‘நடுவர் அவர்கள் கேட்ட கேள்விக்கு மூன்று கோணங்களில் பதில் உண்டு’ என்றேன்.

அங்கேதான் நடந்தது. அவள் பதில் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் முக்கியம். அதற்குப் பிறகு நடந்ததை முதலில் முடித்துவிடுகிறேன்.

பாடினாள். முழுசாகப் பாடினாள். டிரம் இல்லை, நான் அந்த நேரம் கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அது ஏன் என்று இப்போது தெரிந்துவிடும். டிரம் இல்லாவிட்டால் என்ன? செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் மேடைப் பலகையை மிதித்தாள். அந்த மேடைக்கு அடியில் வெற்றிடம் போல, தொம் தொம் என்று அரங்கம் முழுக்க எழுந்தது. ஒவ்வொரு மிதிக்கும் கயிற்றை இழுக்கிற மாதிரி கையை மேலிருந்து கீழே கொண்டுவந்தாள். நாங்கள் பழகும்போது அப்படி ஒன்றும் வைக்கவில்லை. எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வருகிற இடத்தில் சிரித்தார்கள். இடுப்புக்கு வருகிற இடத்தில் சிரிப்பு அங்கங்கே நின்றது. வாய்க்கு வருகிற இடத்தில் குரலை இறக்கினாள், இறக்கினாள், அடியிலும் அடிக்குப் போனாள், குரலா தண்ணீரா என்று தெரியாத ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை, வாய் மட்டும் அசைந்தது. சத்தமே இல்லாமல் வாய் மட்டும் அசைந்தது, அக்கா. காலும் கையும் நிற்கவில்லை. தொம். தொம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தூக்கிப் பிடித்த போன்கள் தூக்கினபடியே இருந்தன.

முடிந்ததும் முதலில் எழுந்தவர் ஆசீர் சார். கை தட்டவில்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான். பிறகு மேடைப் படியில் நின்று, ‘மூச்ச எங்கம்மா எடுக்குதே? எனக்குத் தெரியவே இல்லியே’ என்று கேட்டார். பியூலா அவரிடம் பேசினாள். நிறையப் பேசினாள், சிரித்துச் சிரித்து, வயிற்றில் கை வைத்துக் காட்டி. இவளுக்கு இவ்வளவு பேச வருமா என்று எனக்கே ஆச்சரியம். மெல்லிசை அம்மாகூட வந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் விளக்கலாம் என்று பக்கத்தில் போனேன். போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பரிசு கிடையாது. போட்டிக்கு வெளியே பாடியதற்குப் பரிசு கிடையாதாம். அதற்கு ஒரு மனு எழுதப்போகிறேன். அவளிடம் சொன்னேன், ‘வேண்டாம் கோமதி’ என்றாள். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. பரவாயில்லை, நான் இருக்கிறேன்.

இப்போது அந்தப் பதில். தாழையூத்து வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

இதில் ஒரு தகராறு இருக்கிறது. அந்தப் பதில் எனக்குச் சொன்னது என்று முத்துச்செல்வி மேடம் நினைக்கிறார். பஸ் ஸ்டாண்டில் அப்படியே சொன்னார், ‘இப்பவாவது ஒனக்கு உறைச்சுதா?’ என்று. எனக்குச் சிரிப்புதான் வந்தது. கேள்வி கேட்டது யார்? நடுவர். அப்புறம் பதில் யாருக்குப் போகும்? அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், வாஸ்தவம். நான் நடுவில் நின்றேன், வேறு யாரைப் பார்க்க முடியும்? என் பேரைச் சொன்னாள், அதுவும் வாஸ்தவம். அவ்வளவு பெரிய மனிதரை மேடையில் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? பக்கத்தில் இருக்கிறவள் பேரைச் சொல்லி, சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லுவது. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் வாயை மட்டும் அசைக்கச் சொன்ன அத்தனை பேருக்குமான பதில் அது. அரங்கமே அதிர்ந்தது, கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், அவள் பாட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். மூச்சை இழுத்தாள். அந்தக் குரலில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற அதே குரலில், சுவரோரம் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“கோமதி, நீ எறங்கிப் போய் உக்காரு. நான் பாடணும்.”